ஆமைகளுக்குப் பாடம் நடத்தும் மனிதர்... யார் இந்த ஒஸ்மான் ஹம்தி? ஓவியர், துருக்கியின் புதையல்களுக்குக் காவல் நின்ற கதை!

ஒரு பழைய கட்டடத்தின் மாடி அறை. சுவரில் நீல ஓடுகள் ஆங்காங்கே பெயர்ந்து கிடக்கின்றன. தாழ்வான ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுகிறது. நீண்ட சிவப்பு அங்கி போட்ட தாடிக்காரர் ஒருவர் குனிந்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளில் ஒரு புல்லாங்குழல், முதுகில் ஒரு சின்ன முரசு. அவர் காலடியில் ஐந்து ஆமைகள். அதில் சில, அவரைக் கண்டுகொள்ளாமல் தரையில் கிடக்கும் இலைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன.

இதுதான் 'ஆமைப் பயிற்சியாளர்'. துருக்கியில் ரொம்பப் பிரபலமான ஓவியம். வரையப்பட்ட ஆண்டு 1906. 2004-ல் இஸ்தான்புல்லில் ஏலத்துக்கு வந்தபோது, அப்போதைய துருக்கிப் பணத்தில் 5 லட்சம் கோடி லிராவுக்கு விற்பனையானது. பதறாதீங்க... அப்போது லிராவின் மதிப்பு அவ்வளவு கீழே கிடந்தது. டாலரில் கணக்குப் போட்டால் சுமார் 35 லட்சம். அதுவரை எந்தத் துருக்கி ஓவியத்துக்கும் கிடைக்காத விலை அது.

இதை வரைந்தவர் ஒஸ்மான் ஹம்தி. 'பே' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து 'ஒஸ்மான் ஹம்தி பே' என்று அழைப்பது துருக்கியர் வழக்கம். நம்ம ஊரில் 'ஐயா' என்பதுபோல.

ஓவியம் அவருக்குக் கிடைத்த நேரத்தில் செய்த வேலைதான். முழுநேர வேலை வேறு. துருக்கியின் முதல் நுண்கலைப் பள்ளியைத் தொடங்கியவர், முதல் பெரிய அருங்காட்சியகத்தைக் கட்டியவர், தொல்பொருட்கள் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் எல்லாமே இவர்தான். இத்தனையும் ஒரே மனிதர் எப்படிச் செய்தார்? அதில் அவர் சறுக்கிய இடம் எது? விரிவாகப் பார்ப்போம்.

அடிமையாக விற்கப்பட்ட அப்பா... பிரதமரான கதை!

ஒஸ்மான் ஹம்தி பிறந்தது 1842 டிசம்பர் 30, இஸ்தான்புல்லில். அப்போது துருக்கி தனி நாடு இல்லை. இன்றைய துருக்கி, இராக், சிரியா, லெபனான் எல்லாம் சேர்ந்த ஒட்டோமான் பேரரசின் தலைநகரம்தான் இஸ்தான்புல்.

அவருடைய அப்பா இப்ராஹிம் எத்ஹெம் பாஷாவின் கதையே ஒரு சினிமா மாதிரி. அவர் கியோஸ் தீவைச் சேர்ந்த கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1822-ல் அந்தத் தீவில் நடந்த படுகொலையின்போது சிறுவனாகப் பிடிபட்டு, அடிமையாக விற்கப்பட்டவர் என்று சொல்லப்படுகிறது. வாங்கியவர் ஒட்டோமான் அரசில் பெரிய பதவியில் இருந்த ஹுஸ்ரெவ் பாஷா. அவர் அந்தச் சிறுவனைப் படிக்க பாரிஸுக்கு அனுப்பினார். சுரங்கப் பொறியாளராகத் திரும்பி வந்த அவர், பதவிகளில் ஏறி ஏறி 1877-ல் பேரரசின் பிரதமராகவே ஆனார்.

அப்படிப்பட்ட அப்பா மகனையும் பாரிஸுக்கு அனுப்பினார். எதற்கு? சட்டம் படிக்க.

சட்டம் படிக்கப் போனவர் தூரிகையைப் பிடித்தது எப்படி?

1860-ல் பாரிஸ் போன ஒஸ்மான் ஹம்தி, சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓவியர்களின் கூடங்களுக்குப் போக ஆரம்பித்தார். குஸ்தாவ் பூலான்ஷே, ழான்-லியோன் ழெரோம் போன்றவர்களின் பாணி அவரிடம் படிந்தது அப்போதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் 'கீழைத்தேய ஓவியம்' என்றால் தனி மவுசு. பாம்பாட்டிகள், அந்தப்புரப் பெண்கள், அடிமைச் சந்தை, புகை பிடித்தபடி சாய்ந்து கிடக்கும் ஆண்கள் என்று வரைந்து தள்ளினார்கள். கிழக்கு என்றால் சோம்பல், கொடுமை, மோகம் என்ற எண்ணத்தை அந்தப் படங்கள் பரப்பின.

அந்தப் பாணியை ஒஸ்மான் ஹம்தி கற்றுக்கொண்டார். ஆனா, அதே பாணியில் வேறு கதையைச் சொன்னார். அவருடைய படங்களில் ஆண்கள் புத்தகம் வைத்து விவாதிக்கிறார்கள். பெண்கள் முழு உடையில், நிமிர்ந்து, தெருவில் நடக்கிறார்கள், படிக்கிறார்கள், இசைக்கருவி வாசிக்கிறார்கள். ஓடுகள், கம்பளங்கள், மரவேலைப்பாடுகள் எல்லாம் நிஜத்தில் அவர் பார்த்தவை.

1867-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய மூன்று ஓவியங்கள் வைக்கப்பட்டன. சுல்தான் அப்துல்அஜீஸ் அந்தக் கண்காட்சியைப் பார்க்க நேரில் போனதும் அதே ஆண்டுதான்.

பாக்தாத் முதல் கடிக்கோய் வரை... அரசு வேலையில் சுற்றிய ஆண்டுகள்

பாரிஸில் இருந்து திரும்பியதும் சும்மா வரைந்துகொண்டு உட்கார முடியவில்லை. 1869-ல், சீர்திருத்தவாதியாகப் பெயரெடுத்த ஆளுநர் மித்ஹத் பாஷாவுடன் பாக்தாத்துக்கு அதிகாரியாகப் போனார்.

1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி. ஒட்டோமான் தரப்பின் பொறுப்பாளராகப் போனார். அப்போது பேரரசின் பல பகுதி மக்களின் உடைகளை 70-க்கும் மேற்பட்ட புகைப்படங்களில் காட்டும் ஒரு பெரிய புத்தகத்தை மேரி தெ லோனே என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். படங்களை எடுத்தவர் புகைப்படக் கலைஞர் பாஸ்கல் செபா.

அதன் பிறகு இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கும் கடிக்கோய் பகுதியின் முதல் மேயராகவும் இருந்தார். அவர் வாழ்க்கையே மாறியது 1881-ல்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்த காலம்!

1881-ல் அரசு அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஜெர்மன்காரர் டெதியர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு ஒஸ்மான் ஹம்தி வந்தார். ஒரு வெளிநாட்டவரிடம் இருந்து வந்த பொறுப்பு.

அப்போது நிலைமை என்ன தெரியுமா? கிரேக்க, ரோமானிய, பாபிலோனிய நகரங்கள் பல புதைந்து கிடந்தது ஒட்டோமான் மண்ணில்தான். ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் என்று ஆளாளுக்கு வந்து தோண்டினார்கள். 1873-ல் ட்ராய் நகரத்தைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமான், 'பிரியாம் மன்னனின் புதையல்' என்று அவரே பெயர் வைத்த தங்க நகைகளைச் சத்தமில்லாமல் நாட்டைவிட்டுக் கடத்திக்கொண்டு போனார். ஒட்டோமான் அரசு வழக்குப் போட்டது. கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்தது.

அடுத்த ஆண்டே, 1874-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது பாதிக் கதவை மட்டும்தான் மூடியது. தோண்டுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, அரசுக்கு ஒரு பங்கு. அதாவது, சட்டப்படியே பொருட்கள் வெளியே போகலாம். நிலத்தையும் தோண்டுபவரே வாங்கிவிட்டால்? மூன்றில் இரண்டு பங்கு அவருக்குத்தான்!

1884: 'ஒரு துண்டுகூட வெளியே போகக்கூடாது'

ஒஸ்மான் ஹம்தி முன்னின்று கொண்டுவந்த 1884 சட்டம் இந்தப் பங்கு பிரிக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. அதன் சாரம் இதுதான்:

* மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருட்கள் அரசுக்குச் சொந்தம்.
* அரசின் அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது.
* கிடைத்த பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டு போகக்கூடாது.

இந்தச் சட்டம் 1906-ல் இன்னும் திருத்தப்பட்டது. பேரரசு போய், குடியரசு வந்த பிறகும் அந்த 1906 சட்டம் 1973 வரை துருக்கியில் நடைமுறையில் இருந்தது. கொண்டுவந்தவர் இறந்து 60 ஆண்டுக்கு மேலும் அது நின்றது.

அதிகாரி மட்டுமில்லை... தானே மலை ஏறியவர்!

சட்டம் போட்டால் போதுமா? 'நீங்களே தோண்டத் தெரியாதவர்கள், எங்களைத் தடுக்கிறீர்களா?' என்று ஐரோப்பியர்கள் கேட்கக்கூடிய நிலை. அதற்குப் பதிலாக அவரே களத்தில் இறங்கினார்.

1883-ல் கிழக்குத் துருக்கியில் 2,100 மீட்டருக்கும் மேல் உயரமான நெம்ருத் மலைக்குச் சிற்பி ஒஸ்கான் எஃபெந்தியுடன் ஏறினார். அங்கே கொமாகீன் நாட்டு மன்னர் முதலாம் அந்தியோகஸ் எழுப்பிய ராட்சதச் சிலைகள் கிடந்தன. ஜெர்மானியர்களும் அதே மலைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து ஆய்வை பிரெஞ்சில் புத்தகமாகவே வெளியிட்டார்கள். நெம்ருத் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

உண்மையான ஜாக்பாட் 1887-ல். இன்றைய லெபனானில் இருக்கும் சிடோன் நகரத்தில், ஒருவர் தன் நிலத்தைத் தோண்டும்போது பாதாள அறைகள் தெரிந்தன. தகவல் வந்ததும் ஒஸ்மான் ஹம்தி நேரில் போனார். உள்ளே இருந்தது பழைய சிடோன் மன்னர்களின் கல்லறை. வரிசையாகப் பளிங்குச் சவப்பெட்டிகள்!

அதில் ஒன்றுதான் உலகப் புகழ்பெற்ற 'அலெக்சாந்தர் சவப்பெட்டி'. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதில் அலெக்சாந்தர் புதைக்கப்படவில்லை. பக்கவாட்டில் அவர் போரிடும் காட்சி செதுக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். அலெக்சாந்தர் காலத்தில் சிடோனை ஆண்ட அப்தலோனிமஸுக்காகச் செய்யப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணம் இன்னும் அந்தச் சிற்பங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று மன்னர் தப்னித்தின் பெட்டி. எகிப்தியத் தளபதி ஒருவருக்காகச் செய்யப்பட்ட பெட்டியையே இவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் ஓர் எச்சரிக்கை: என்னிடம் தங்கமோ வெள்ளியோ இல்லை, என்னைத் திறக்காதே, திறந்தால் உனக்கு நல்ல கதி கிடைக்காது என்பது அதன் பொருள். திறந்தார்கள். உள்ளே மன்னரின் உடல் இருந்தது!

டன் கணக்கில் எடை கொண்ட பெட்டிகளை மண்ணுக்கடியில் இருந்து எடுக்க, பக்கவாட்டில் சுரங்கம் போல வழி வெட்டினார்கள். கடற்கரைவரை இழுத்து வந்து கப்பலில் ஏற்றி இஸ்தான்புல்லில் இறக்கினார்கள்.

சவப்பெட்டிகளுக்காக ஒரு கட்டடம்!

கொண்டு வந்தாச்சு. எங்கே வைப்பது? அதுவரை அருங்காட்சியகம் இருந்தது 1472-ல் கட்டப்பட்ட 'ஓட்டு மாளிகை'யில். அங்கே இடம் போதாது. எதிரிலேயே புதுக் கட்டடம் எழுப்ப முடிவானது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் வலோரி. முகப்புக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது, சிடோனில் கிடைத்த 'அழும் பெண்கள்' சவப்பெட்டியின் தூண் வரிசையை.

1891 ஜூன் 13-ல் கட்டடம் திறக்கப்பட்டது. பிறகு இரண்டு சிறகுகள் சேர்க்கப்பட்டன. இன்று இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகம் என்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்பது இங்கேதான்.

ஓவியர்களை உருவாக்கிய பள்ளி

இதற்கு நடுவிலேயே இன்னொரு வேலை. 1882-ல் நுண்கலைப் பள்ளி ஒன்றின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1883-ல் வகுப்புகள் தொடங்கின. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, செதுக்கோவியம் ஆகியவற்றை முறையாகச் சொல்லித்தரும் முதல் ஒட்டோமான் பள்ளி இதுதான். சிற்பத்துக்கு நெம்ருத் மலைக்குக் கூடப்போன ஒஸ்கான், கட்டடக்கலைக்கு வலோரி என்று ஆசிரியர்கள்.

பள்ளி இருந்த கட்டடமும் அருங்காட்சியக வளாகத்துக்குள்தான். அதாவது, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தால் எதிரில் கிரேக்கச் சிற்பங்கள்! அதுவரை ஓவியம் கற்க வேண்டுமென்றால் ராணுவப் பள்ளிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வசதி இருந்தால் பாரிஸ். அந்த நிலைமையை இந்தப் பள்ளி மாற்றியது. அதுவே இன்று மிமார் சினான் நுண்கலைப் பல்கலைக்கழகம்.

ஒரு குறை உண்டு. பெண்களுக்கு இங்கே இடம் இல்லை. பெண்களுக்கான நுண்கலைப் பள்ளி 1914-ல்தான் வந்தது. படிக்கும் பெண்களை விடாமல் வரைந்தவர், தன் பள்ளியில் பெண்கள் படிப்பதைப் பார்க்காமலே போய்விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்ததா? சர்ச்சை என்ன?

இப்போது அவர் சறுக்கிய இடத்துக்கு வருவோம்.

ஒஸ்மான் ஹம்தி வரைந்த 'மசூதி வாசலில்' என்ற பெரிய ஓவியம் 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போனது. 1895-ல் அதை விலைக்கு வாங்கியது பென்சில்வேனியா பல்கலைக்கழகம். ஏன்?

அந்தப் பல்கலைக்கழகம் அப்போது இராக்கின் நிப்பூரில் அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தது. தோண்ட அனுமதி வேண்டும், கிடைத்ததில் கொஞ்சமாவது அமெரிக்காவுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நல்லுறவு தேவைப்பட்டது ஒஸ்மான் ஹம்தியிடம். சட்டத்தின்படி பங்கு கிடையாது என்றாலும், சுல்தானின் 'அன்பளிப்பு' என்ற பெயரில் பொருட்கள் போக வழி இருந்தது. ஓவியத்தை வாங்கியதன் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வாங்கிய ஓவியம் பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தது, அந்தக் கணக்கைச் சொல்லாமல் சொல்கிறது.

அப்போ அவர் விலைபோனாரா? அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அவருக்கு மேலே சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீது இருந்தார். ஜெர்மனியின் நட்பு சுல்தானுக்குத் தேவை. இன்றைய ஜோர்டானில் இருந்த முஷத்தா அரண்மனையின் முகப்பை, 1903-ல் ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாகவே கொடுத்தார் சுல்தான். ஒஸ்மான் ஹம்தி எதிர்த்தார். பலிக்கவில்லை. அந்தக் கல் முகப்பு பெர்லினுக்குப் போய்விட்டது. சட்டத்தை எழுதியவருக்கு, அரசன் அதை மீறும்போது தடுக்க அதிகாரம் இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இது இன்னும் கூர்மையானது. அலெக்சாந்தர் சவப்பெட்டி ஐரோப்பாவுக்குப் போகாமல் காப்பாற்றினார், சரி. ஆனால் அது கிடைத்த சிடோன் இன்று லெபனானில். பொருள் இருப்பது துருக்கியில். அன்று எல்லாம் ஒரே பேரரசு என்பதால் 'ஊர் மாறியது'. இன்று பார்த்தால் 'நாடு மாறியது'. லண்டனும் பெர்லினும் இஸ்தான்புல்லுக்குச் செய்ததை, இஸ்தான்புல் தன் மாகாணங்களுக்குச் செய்ததா? அருங்காட்சியகங்களில் இருக்கும் பொருட்கள் யாருக்குச் சொந்தம் என்ற இன்றைய விவாதத்தில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

அப்போ அந்த ஆமைகள்?

மீண்டும் அந்த ஓவியத்துக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் தோட்ட விருந்துகளில், ஆமைகளின் முதுகில் மெழுகுவர்த்தி ஏற்றி இரவில் நடமாட விடுவார்களாம். ஓவியத்துக்கு அதுதான் அடிப்படை என்று பலர் சொல்வதுண்டு. ஒரு பிரெஞ்சுப் பயணப் பத்திரிகையில் 1869-ல் வந்த ஆமை ஆட்டக்காரர் படம்தான் தூண்டுதல் என்று வரலாற்றாய்வாளர் எத்ஹெம் எல்டெம் காட்டியிருக்கிறார்.

எங்கிருந்து வந்தாலும், துருக்கியர்கள் அதில் பார்ப்பது ஒஸ்மான் ஹம்தியைத்தான். அந்தத் தாடிக்காரரின் முகத்தில் அவர் சாயல் இருக்கிறது. தன்னையே புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைவது அவர் வழக்கம். ஆமைகள்? நகர மறுக்கும் அதிகாரிகள், மாற மறுக்கும் சமூகம் என்று வாசிக்கிறார்கள். கையில் இருப்பது சாட்டை இல்லை, புல்லாங்குழல். அடிக்காமல், இசையால் பழக்கப் பார்க்கிறார். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் ஆமைக்கு இசை கேட்குமா?

இதை வரையும்போது அவருக்கு 63 வயது. இயக்குநராகி 25 ஆண்டுகள் முடிந்திருந்தன. ஓவியத்தை முதலில் காட்சிக்கு வைத்தது இஸ்தான்புல்லில் இல்லை, பாரிஸில்! சொந்த ஊரில் அவர் உயிரோடு இருந்தவரை ஓவியராகப் பெரிதாகக் கொண்டாடப்படவே இல்லை.

இன்று என்ன நிலை?

1910 பிப்ரவரி 24-ல் ஒஸ்மான் ஹம்தி காலமானார். அருங்காட்சியகப் பொறுப்பு அவருடைய தம்பி ஹலீல் எத்ஹெமிடம் போனது. அவர் கோடைக்காலங்களில் தங்கி வரைந்த எஸ்கிஹிசார் கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இருப்பவை செல்ஜுக் காலத்துப் பழைய நடுகற்கள் இரண்டு. அந்த வீடும் இப்போது அருங்காட்சியகம்.

'ஆமைப் பயிற்சியாளர்' இப்போது இஸ்தான்புல்லின் பெரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019-ல் லண்டனில் அவர் 1880-ல் வரைந்த 'படிக்கும் இளம்பெண்' ஏலத்துக்கு வந்தது. 6 முதல் 8 லட்சம் பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 60 லட்சம் பவுண்டுக்கும் மேல்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தன் மண்ணின் பொருட்கள் வெளியே போகக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் ஓவியங்கள் பாரிஸ், சிகாகோ, லண்டன் என்று உலகம் சுற்றின. அவர் காத்த கற்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இஸ்தான்புல் போகிறவர்கள் அந்தச் சவப்பெட்டியின் முன்னால் நின்று பார்க்கலாம்... அதில் இன்னும் ஒட்டியிருக்கும் சிவப்பையும் மஞ்சளையும்.

ஒஸ்மான் ஹம்தி: ஒரு பார்வையில்

* 1842 - இஸ்தான்புல்லில் பிறப்பு
* 1860 - சட்டம் படிக்க பாரிஸ் பயணம், ஓவியத்துக்கு மாறுகிறார்
* 1867 - பாரிஸ் உலகக் கண்காட்சியில் மூன்று ஓவியங்கள்
* 1881 - அரசு அருங்காட்சியக இயக்குநர்
* 1883 - நுண்கலைப் பள்ளி திறப்பு, நெம்ருத் மலை ஆய்வு
* 1884 - தொல்பொருட்கள் வெளியேறத் தடை விதிக்கும் சட்டம்
* 1887 - சிடோன் அகழாய்வு
* 1891 - புதிய அருங்காட்சியகக் கட்டடம் திறப்பு
* 1906 - 'ஆமைப் பயிற்சியாளர்' ஓவியம்
* 1910 - மறைவு